எதிர்ப்பக்கம்

அவர் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையாவது முழுதாக உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் லண்டனில் எங்களுக்குத் தெரிந்தவர்களில் பேஸ்போல் பைத்தியம் என்றால் அவர்தான். ஆட்டம் நடக்கும் மாதங்களில் தூங்கி வழிவார். ஐப்பசி முடிந்து, அங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் மைதானங்களைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு உயிர் வரும். எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கப்போகிறது என்ற குளிர்காலப் பேச்சுத்தான் அவருக்கு விளையாட்டு. பந்தும் மட்டையும் அதற்காக இடையில் வந்துபோகிற சடங்குகள்.

எனக்கு அவர் அத்தான், அக்காவின் கணவர். அண்ணியின் தம்பியும் அவர்தான். எங்கள் வீட்டில் நடந்தது மாற்றுச் சம்பந்தம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. பேச்சில் மாத்துச் சம்பந்தம் என்போம். ரொறன்ரோவிலிருந்து அவருடைய அக்கா என் அண்ணனைக் கட்டி லண்டனுக்கு வந்தார். பதிலுக்கு என் அக்கா அவரைக் கட்டி ரொறன்ரோவுக்குப் போக வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு அங்கே வேலை போய்விட்டது. அக்காவை அங்கே கூப்பிடாமல் அவரே இங்கே வந்து இறங்கிவிட்டார். ஒருவரையும் கொடுக்காமல் இரண்டு பேரை வாங்கிவிட்டோம் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அந்த மாத்தில வெண்டது நீங்கள்தான்," என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் மறக்காமல் சொல்வார்.

மாற்றுச் சம்பந்தத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒரு வீட்டில் சண்டை வந்தால் மற்ற வீட்டிலும் அடுப்பு எரியாது. அங்கே தம்பியை யாரும் முறைத்துவிட்டால் இங்கே அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இங்கே அண்ணன் குரலை உயர்த்தினால் அங்கே என் அக்காவுக்கு விழும். அதனால் எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்பதில்லை. நான் மட்டும் கேட்பேன். வாய் அடங்காதவள் என்ற பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது.

அண்ணனுக்குக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு டயர்க் கடை. கிழமை நாட்களில் எனக்குக் கவுன்சிலில் வேலை. சனிக்கிழமை மட்டும் கடையில் உட்கார்ந்து போனுக்குப் பதில் சொல்வேன். குளிர்காலத்துச் சனிக்கிழமை மாலைகளில் ஹீட்டரைச் சுற்றி பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இவர்களின் மாநாடு கூடும். அவரும் அண்ணனும் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவர் பஸ் ஓட்டும் மன்னார்க்காரர், மாதா கோயிலில் மாலைப் பூசை கண்டுவிட்டு நேரே வருவார். மற்றவர் ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து பேக்கரி போட்டவர், எல்லோருக்கும் ஜேர்மன்காரர். எல்லோருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சகோதரமாவது இருந்தது. அதனால் ரொறன்ரோ அணிதான் எங்கள் அணி.

"இடக்கையனைக் குடுக்கோணும்," என்று ஒரு மாலை அத்தான் தொடங்கினார். அணியில் இடக்கையால் பந்து எறிகிற மூத்த ஆட்டக்காரனுக்கு இவர்கள் வைத்த பெயர் இடக்கையன்.

மன்னார்க்காரருக்குப் பொறுக்கவில்லை. "உமக்கு விசரே? போன வருசம் முழுக்க அவன்தானே தாங்கினவன்."

"அதுதான் சொல்லுறன். பேர் இருக்கேக்க குடுக்கோணும். அவனைக் குடுத்தால் ரெண்டு இளம் பெடியள் வருவாங்கள்."

"வந்து? வாற வருசம் ஆர் எறியிறது? நீரே?" என்றார் ஜேர்மன்காரர்.

"வாற வருசம் தோப்பம். அதுக்கென்ன? பிறகு கன வருசத்துக்கு எங்களிட்ட ஆள் இருக்கு."

"சனம் அவன்ர பேர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரியுது. என்ர தங்கச்சியின்ர மோன் படுக்கேக்கயும் அதைக் கழட்டுறானில்லை," என்றார் மன்னார்க்காரர்.

"வேற சட்டை வாங்கிக் குடுக்கச் சொல்லும்."

அண்ணன் சிரித்தார். மன்னார்க்காரர் சிரிக்கவில்லை. அப்போது அத்தான் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். இடக்கையன் யாருடனோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். முன்னால் மேசையில் ஒரு கோப்பை.

"கோப்பையை எந்தக் கையால தூக்கிறான் எண்டு பாருங்கோ."

நானும் எட்டிப் பார்த்தேன். வலக்கையால் தூக்கினான். திரும்பவும் வலக்கையால். இடக்கையை மடியிலேயே வைத்திருந்தான்.

"முழங்கை போட்டுது. ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருக்கிறான். இது தெரிய முதல் குடுத்திடோணும்."

"அப்ப வாங்கிற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று நான் கேட்டேன்.

"எதிர்ப்பக்கம் என்ன குருடே, தங்கச்சி? அவைதான் பாக்கோணும்."

எதிர்ப்பக்கம் என்ற சொல்லை அவர் வாயில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது கோபம் இருக்காது, வெறுப்பும் இருக்காது. மழை வருகிறது, கதவைச் சாத்து என்கிற மாதிரிச் சொல்வார்.

அந்தக் குளிர்காலமே இடக்கையனைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த கோடையில் புது அணிக்குப் போன இடத்தில் அவன் கை போய்விட்டது. வெட்டிச் சரிபண்ண வேண்டுமாம், அந்த வருடம் எறிய மாட்டானாம். செய்தி வந்த அன்று அத்தான் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். "அவையின்ர தலையில கட்டியாச்சு," என்றார்.

மன்னார்க்காரர் ரோல்ஸைத் தொடவில்லை. "ஒரு பெடியனுக்குக் கை போட்டுது. அதுக்கு ரோல்ஸ் தின்னுறதோ?"

"இப்ப எங்கட பெடியன் இல்லையே."

யாரைக் கொடுக்கலாம் என்று அத்தான் முடிவு பண்ணிவிட்டாரோ, அன்றிலிருந்து அந்த ஆட்டக்காரனுக்கு அவரிடம் பெயர் இருக்காது. 'சாமான்' என்பார். நல்ல சாமான், முடிஞ்ச சாமான், காட்டி வைக்கிற சாமான். நான் அதைப் பகிடி பண்ணுவேன். எங்களில் யார் யார் என்ன சாமான் என்று ஒரு நாள் கேட்டேன். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணனிடம் வந்ததும் பேச்சை மாற்றிவிட்டார். அண்ணனுக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அத்தான் கவனித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை செய்தார். ஒரு தீபாவளிக்குப் போலந்துக்காரன் ஒருவன் அவருக்காக ஷிப்ட் மாற்றிக்கொடுத்தான். பதிலுக்கு அவனுடைய பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று இவர் வேலைக்குப் போக வேண்டும். அன்று காலை போன் எடுத்து வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு, விம்பிள்டன் கோயிலுக்கு வந்து எங்களோடு வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். அதையும் அவரேதான் சொன்னார், பகிடியாக. நாங்களும் சிரித்தோம். அவ்வளவு அழகாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவரைப் பிடிக்காமல் இருந்ததா என்றால், இல்லை. எனக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். அக்காவின் முதுகுவலிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிற மனிதர். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி டயலிசிஸ் தொடங்கியபோது, ஷிப்ட் முடிந்த கண்ணோடு வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், முடியும் வரைக்கும் பக்கத்தில் இருந்து பேஸ்போல் கதை சொல்லி அவரைச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

சிறுநீரகம் கொடுக்க என்னைப் பிரஷர் விடவில்லை. அக்காவுக்குச் சீனி வியாதி. அண்ணியைச் சோதித்தார்கள், அவரிடமும் ஏதோ சரியில்லை. "என்னைப் பாருங்கோ," என்று ஒருவரும் கேளாமலே அத்தான் கையை நீட்டினார். ஆள் நல்ல சுகம். ஆனால் இரத்த வகை அண்ணனோடு பொருந்தவில்லை. அண்ணி அன்று அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். எங்களுக்கு விளங்கவேண்டும் என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். அது ஒரு இந்தியத் தமிழ்ப் பெண் பிள்ளை. "நீங்க ஒரு ஜோடிங்க. இன்னொரு இடத்துல இதே மாதிரி ஒரு ஜோடி இருப்பாங்க. ஜோடிக்குள்ள மாத்திக்கிறீங்க, அவ்வளவுதான்," என்று அந்தப் பிள்ளை ஸ்பீக்கரில் சொன்னதும் அண்ணி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "என்ன அறுந்த கதை கதைக்கிறாள் உவள்? போனை வையுங்கோ."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர்தான் அண்ணிக்கு விளங்கப்படுத்தினார்.

"அக்கா, இது மாத்துச் சம்பந்தம். என்ர கிட்னி உங்கட அவருக்குப் பொருந்தாது. வேற ஒரு இடத்தில புருசனுக்கோ பிள்ளைக்கோ குடுக்க வந்த ஒரு ஆள் இருக்கும், அவைக்கும் பொருந்தேல்லை. நான் அவையின்ர ஆளுக்குக் குடுக்கிறன். அவை எங்கட ஆளுக்குக் குடுக்கினம்."

"அவை ஆர்?"

"சொல்லமாட்டினம். எதிர்ப்பக்கம்."

அவருடைய முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. கடையில், குளிர்காலத்தில் நான் பார்த்த அதே வெளிச்சம். அண்ணனுக்காகத்தான் கொடுக்க வந்தாரா, இப்படி ஒரு மாத்து வாழ்க்கையில் கிடைத்ததே என்று வந்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

குடியை விட்டார். வாண்டில் ஆற்றங்கரையோரம் தினமும் நடந்தார். "மெடிக்கல் பாஸ் பண்ணோணும். மெடிக்கல்லதான் கன மாத்துக் குழம்புறது," என்பார். கடையில் எல்லோரும் அவரைப் பகிடி பண்ணினார்கள். மன்னார்க்காரர் மட்டும் அவர் கையைப் பிடித்து, "நீர் செய்யிறது பெரிய காரியம். அந்தப் பேர் தெரியாத ஆளுக்கும் நான் பூசை ஒப்புக்குடுக்கிறன்," என்றார்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்வதுதான் ஏற்பாடு. அண்ணனும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மற்றவர்கள் வேறு ஊரில். அங்கே கொடுக்க வந்தவரின் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அது எங்களை நோக்கி வண்டியில் வந்துகொண்டிருந்தபோதுதான் அங்கே இருந்த நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியது. அவருக்கு இப்போது எதையும் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு வந்தது வந்ததுதான், பொருத்தினார்கள். கட்டிலில் தயாராகப் படுத்திருந்த அத்தானை எழுப்பி, அந்த நோயாளி தேறியதும் வேறு நாள் தருவதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் கண் விழித்தார். சிறுநீர் தாராளமாகப் போனது. அண்ணி அந்தப் பையைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அண்ணனின் முகத்தில் மஞ்சள் போய் பழைய நிறம் வந்தது. கொஞ்ச நாள் கழித்து அத்தானுக்கும் புது நாள் கொடுத்தார்கள்.

அன்று காலை அவரை ஏற்றிக்கொண்டு போக நான் காரோடு போனேன். அக்கா கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. உள்ளே அவர் சாரத்தோடு மேசையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுவைக்குப் போகிற ஆள் முதல் நாள் இரவிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. எனக்கு அந்தத் தட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அத்தான், இண்டைக்கு ஆஸ்பத்திரி."

"நான் போகேல்லை. நீயும் இருந்து சாப்பிடு."

"ஏன், சுகமில்லையோ?"

"எனக்கென்ன, நல்ல சுகம். போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். அவை ஒண்டும் கேக்கேல்லை. கேக்கவும் ஏலாது, அது என்ர உரிமை."

"அங்க ஒரு ஆள் காத்துக்கொண்டு கிடக்குது. அந்த ஆளுக்காகக் குடுத்த கிட்னிதான் அண்ணைக்குள்ள இருக்குது."

"ஓம். எங்களுக்கு வந்திட்டுது," என்றார். ஒரு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் நனைத்தார். "இனி ஏன் குடுக்கிறது?"

திருடனைப் போல முழித்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டார். அக்கா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அண்ணியிடம் ஓடினேன். அவர் தம்பியைத் திட்டுவார், இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவருக்கு இப்பதான் உடம்பு தேறுது. சொல்லாதை."

"அண்ணி, இது பாவம்."

"அவர் இருக்கிறார்தானே. எனக்கு அது காணும்." கொஞ்சம் பொறுத்து, "அவன்ர வீட்டிலதான் உன்ர அக்கா இருக்கிறாள். யோசிச்சு நட," என்றார். இத்தனை வருடத்தில் ஒரு கடுமையான வார்த்தை சொல்லாத அண்ணி.

நான் யோசித்தேன். சில கிழமை வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை கடையில் ஹீட்டரைச் சுற்றி பழையபடி கூடியிருந்தார்கள். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார். அத்தான் அணியின் அடுத்த மாத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். இடையில் மன்னார்க்காரர் கேட்டார்.

"அது கிடக்கட்டும். அந்த ஆளுக்கு எப்பிடி? பூசையில பேர் சொல்ல ஏலாமல் 'அந்த ஆள்' எண்டே சொல்லிக்கொண்டு வாறன்."

"எல்லாம் முடிஞ்சுது," என்றார் அத்தான்.

"முடிஞ்சுதோ? உமக்கு நோ இல்லையோ?" என்று அண்ணன் அவருடைய வயிற்றைப் பார்த்தார். அவ்வளவு பாசமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இவர் போகேல்லை, அண்ணை. குடுக்கேல்லை. குடுக்கவும் மாட்டார்."

அண்ணன் கம்பளிக்குள் கையை விட்டுத் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத்தான் கேட்டார், ஏதோ ஆங்கிலத்தில் போன் பண்ணிக் கேட்டால் நடக்கிற காரியம் போல.

"திருப்பிக் குடுக்க ஏலுமோ?"

மன்னார்க்காரர் எழுந்து மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு அவர் கடைப்பக்கம் வரவேயில்லை. ஜேர்மன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். இவ்வளவு நல்ல மாத்து ஒன்று செய்து தந்திருக்கிறேன், ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த நோயாளி ஆணா பெண்ணா, இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அண்ணன் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். மன்னிக்க வேண்டும், சொல்ல முடியாது என்பார்கள். கடையை வைத்திருக்கிறார், ஆனால் சிரிப்பதில்லை. அத்தான் அக்காவையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். அங்கிருந்து அவள் பேசும்போது போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். பின்னால் அவர் யாருக்கோ எந்த அணி யாரைக் கொடுக்கவேண்டும் என்று விளங்கப்படுத்துவது கேட்கும். நானும் அவளும் கறி என்ன, குளிர் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

போன கிழமை அண்ணனின் இரத்தச் சோதனை சரியில்லை. வந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளத் தொடங்கியிருக்கிறதாம். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள், பிடிக்காவிட்டால் திரும்பவும் டயலிசிஸ், திரும்பவும் காத்திருப்பு. அண்ணி அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நேற்றுப் பின்னேரம் நாங்கள் எல்லோரும் இருக்கும்போது அத்தானே போன் எடுத்தார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"கேள்விப்பட்டன், அக்கா. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. திரும்ப அந்த மாத்துக்குப் பேரைக் குடுங்கோ. அந்த ஆஸ்பத்திரி ஓமெண்டு சொல்லாட்டி வேற ஆஸ்பத்திரி பாப்பம். என்ர ரெண்டும் அப்பிடியே கிடக்கு. இதுக்குத்தானே வைச்சிருக்கிறன்."

அண்ணன் எழுந்து மெல்ல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எப்ப வாறாய், தம்பி?" என்று கேட்டார்.

போனைப் பறித்து வைத்திருக்க வேண்டியவள் நான். வைக்கவில்லை. அவர் என்ன நாள் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.